அடங்கிக் கிடப்பது

மணி அன்றிரவு ஒரு சத்தமும் போடவில்லை. இதைப் பல வருஷங்கள் ஒரு நல்ல நினைவாகவே வைத்திருந்தேன்.

1996 தீபாவளி. அதற்கு முந்தைய இரண்டு தீபாவளிகளிலும் வெடிச்சத்தத்தில் மணி பட்ட பாட்டை வீடு முழுவதும் சேர்ந்து பட்டிருந்தோம். முதல் வருஷம் குளியலறைக் கதவைப் பிறாண்டி முன்னங்கால் நகம் ஒன்று பெயர்ந்தது. அடுத்த வருஷம் விடிகாலை நாலு மணிக்கு முதல் சரம் வெடித்ததுமே சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று நாள் கழித்து, வைகைக்கு அந்தப் பக்கம் செல்லூரில், ஒரு டீக்கடை பெஞ்சுக்கடியில் கிடைத்தது. ஆகவே மூன்றாம் வருஷம் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர். அன்றைய வழக்கப்படி ஒரு சிறிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். அசிப்ரோமசின். சாயங்காலம் வெல்லத்தில் பொதிந்து கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் மணியின் பின்னங்கால்கள் தள்ளாடின. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. இரவு தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது நான் குனிந்து பார்த்தேன். போட்டது போட்டபடி கிடந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிறிய சதைத்திரை ஒன்று மேலேறியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் காது மட்டும் விதிர்த்தது. ‘பாவம், நிம்மதியாத் தூங்குது’ என்றாள் என் மனைவி. ஆமாம் என்றேன். அந்த வருஷம் எங்கள் தீபாவளி நன்றாக இருந்தது.

மணி செத்துப் பல வருஷங்களுக்குப் பிறகு, வேறொரு நாயின் பொருட்டு இம்மருந்துகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் அந்த இரவு எனக்குள் புரண்டு படுத்தது. அசிப்ரோமசின் ஃபீனோதயசீன் வகையைச் சேர்ந்தது. மூளையில் டோபமீன் என்னும் ரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. ரத்த அழுத்தத்தை இறக்குகிறது. உடம்பைத் தளர்த்தி இயக்கத்தை முடக்குகிறது. அச்சத்தை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை. சில நாய்களுக்குச் சத்தத்தின் கூர்மை இதனால் அதிகமாகவும் ஆகிவிடுகிறது. சத்தத்திற்கு அஞ்சும் நாய்க்கு இதை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது என்று கேரன் ஓவரால் போன்ற விலங்கு நடத்தை மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அறுவைக்கு முன்னால் கொடுப்பது போன்ற காரியங்களுக்கு இன்றும் உபயோகத்தில் இருக்கும் மருந்துதான். மருந்தின்மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

ஆக, மணி தூங்கவில்லை. கட்டிலுக்கடியில் அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸ்வரை கேட்கும். நாயின் காது ஏறத்தாழ நாற்பத்தையாயிரம். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்லைத் தாண்டக்கூடாது என்று சட்டம் பட்டாசுக்கு வைத்திருக்கும் வரம்பு மனிதக் காதை வைத்துப் போட்ட கணக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓட விரும்பிய ஒரு ஜீவனின் கால்களை நான் வாங்கிக்கொண்டேன். குரைக்க விரும்பிய வாயையும் வாங்கிக்கொண்டேன். அச்சத்தை மட்டும் அதனிடமே விட்டுவிட்டேன். பிறகு குனிந்து பார்த்துத் திருப்தியடைந்தேன்.

இதைக் குற்ற உணர்ச்சியின் மேடைப்பேச்சாக ஆக்க விருப்பமில்லை. அன்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் அநேகமாகத் தெரிந்திராது. அறியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். விடமுடியாமல் இருப்பது வேறொன்று. அந்த மாத்திரை வேலை செய்ததா இல்லையா என்பதை நான் எதை வைத்துத் தீர்மானித்தேன்? என்னுடைய தூக்கத்தை வைத்து. நோயாளி மணி, குணமானது நான். இந்தப் பரிவர்த்தனை எனக்குத் தெரியாமலே நடந்திருந்தாலும், நடந்த இடம் என் பிரக்ஞைதான், மருந்துக்கடை அல்ல.

தமிழில் ‘அடங்குவது’ என்ற சொல்லின் பொருள்வீச்சு கொஞ்சம் பயங்கரமானது. அடக்கம் நமக்கு ஒரு பெரிய குணம். பிணத்தைப் புதைப்பதும் அடக்கம்தான். அடங்கிப் போகிற பிள்ளை நல்ல பிள்ளை. காய்ச்சல் அடங்கும், கலவரம் அடங்கும், மூச்சும் அடங்கும். ஒரு நாய் ‘அடங்கிவிட்டது’ என்று சொல்லும்போது இவற்றில் எந்த அடங்கல் என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை.

என் சித்தப்பா ஒருவர் எழுபதுகளில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் சில மாதங்கள் இருந்தார். திரும்பி வந்தபின் வாசல் திண்ணையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும், வாயோரம் எச்சில் ஒழுகும். வந்து விசாரிப்பவர்களிடம் பாட்டி, ‘இப்பத் தேவலை, சத்தமே இல்லை’ என்பாள். அவருக்குக் கொடுத்துவந்தது குளோர்ப்ரோமசின். 1950இல் பிரான்சில் ரோன்-பூலாங்க் கம்பெனியின் சோதனைச்சாலையில் உருவாகி, 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மணி விழுங்கியது அதன் தாயாதி. அசிப்ரோமசினையும் முதலில் மனிதர்களுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகுதான் அது விலங்குகளுக்கென்று ஒதுங்கியது. குளோர்ப்ரோமசின் வெறும் வாய்ப்பூட்டு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். காதில் கேட்கும் குரல்களை அது பலருக்கு நிஜமாகவே தணித்தது. சங்கிலியிலிருந்து பலரை விடுவித்தது. சித்தப்பாவுக்கு உள்ளே குரல்கள் தணிந்தனவா, அல்லது அவற்றைப் பற்றிச் சொல்லும் தெம்புதான் தணிந்ததா என்று வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். அவருக்குப் பேச்சு இருந்தது. மணியின் விஷயத்தில் அந்தச் சாக்கு எனக்கு உண்டு.

பேசமுடியாத ஜீவனின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறிய முடியுமா என்பது பழைய தத்துவப் பிரச்னை. இருக்கட்டும். எனக்கு அதைவிட நெருக்கமான பிரச்னை, அறிய முடியாது என்பதை நாம் எவ்வளவு சௌகரியமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதுதான். மருந்தின் சரித்திரமே இந்தச் சௌகரியத்தின் மேல் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த குளோர்டயசெபாக்சைடு மனிதக் கவலைக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கைக்கு, முரட்டுக் குரங்குகள் அதனால் சாதுவானது ஒரு முக்கியமான காரணம். குரங்கு கடிக்கவில்லை, ஆகவே மனிதன் கவலைப்படமாட்டான். விலங்கிடமிருந்து மனிதனுக்கு வந்த இந்தத் தர்க்கம், பிறகு மாத்திரையோடு சேர்ந்து மறுபடி விலங்கிடமே போய்ச் சேர்ந்தது.

அசையாமல் கிடப்பது அமைதி அல்ல என்பதற்கு ஒரு சாட்சியம் 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. செலிக்மனும் மேயரும் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் அதிர்ச்சி நிற்காது என்ற நிலையில் வைக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற இடத்திற்குக் கொண்டுபோகப்பட்டபோதும் தாண்டாமல் கிடந்து முனகின. கற்றுக்கொண்ட நிராதரவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். முடங்கிக் கிடப்பது கற்றுக்கொண்டது அல்ல, நீண்ட துன்பத்துக்கு உடம்பின் இயல்பான பதில் அதுதான். கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது தன்னால் ஏதாவது செய்யமுடியும் என்பதைத்தான் என்றார்கள். அந்த நாய்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் அதிர்ச்சியை அதிர்ச்சி என்றே குறித்துக்கொண்டார்கள். நான் அதைத் தூக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

நண்பர் ஒருவர், கவிஞர், நான் இதையெல்லாம் சொன்னபோது சீறினார். ‘நாய்க்கு மாத்திரை கொடுப்பதே மனுஷன் திமிர். பயம் அதன் சொத்து. பயப்பட விடு. பயமில்லாத மிருகம் மிருகமா?’ என்றார். கேட்பதற்கு நன்றாக இருந்தது. அவர் வீட்டில் நாய் கிடையாது. அச்சம் மிருகத்தின் சொத்து என்பது காட்டுக்குப் பொருந்தும். அங்கே அச்சத்துக்கு ஓடுவதற்கு இடம் இருக்கிறது. நம் தெருவில் நாய் எங்கே ஓடும்? ஓடிய நாய்கள் தீபாவளி மறுநாள் பைபாஸ் சாலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தவிர, அச்சம் வந்தது போல் போய்விடுவதும் இல்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது பாவ்லோவின் சோதனைச்சாலை நாய்களின் கூடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. மூக்கை மட்டும் கூரையோரம் நீட்டி நீந்திக்கொண்டிருந்தவற்றை, கூட்டின் கதவு கீழே இருந்ததால், தண்ணீருக்குள் அமிழ்த்தி இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிழைத்தவற்றுள் சில, வருஷக்கணக்கில் கற்ற பழக்கங்களை அடியோடு மறந்துபோயின. மெல்லத் தேறிய பிறகு கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் மறுபடி குலைந்தன. பாவ்லோவ் குலைந்த நாய்களுக்கு புரோமைடு கொடுத்துப் பார்த்தவர். ஒரே எடையுள்ள இரு நாய்களுக்கும் மருந்தளவு பல மடங்கு வேறுபடக்கூடும் என்று அவர் கண்டது, மாத்திரையை எடைக்கணக்கில் பிய்த்துப் போடுகிற நம்மவர்களுக்கு இன்னும் எட்டாத விஷயம்.

ஆக, கொடுக்காமலிருப்பதும் ஒரு செயல்தான். மணிக்குக் கொடுத்தது தவறு என்றால், கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது.

இப்போது வீட்டில் இருப்பது செவலை. தெருவில் எடுத்த நாட்டு நாய். முதல் மழைக்கால இடியிலேயே தெரிந்துவிட்டது, மணியின் வியாதிதான் இதற்கும் என்று. இந்தத் தடவை நான் போன பெண் மருத்துவர் மாத்திரையின் பெயரைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். சத்தம் கேட்டபின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது? அப்போது தின்கிறதா? எங்கே போய் ஒளிகிறது? வலிப்பு வந்ததுண்டா? மூட்டைத் தொட்டால் முகம் சுளிக்கிறதா? (உடம்பில் ஒளிந்திருக்கும் வலி சத்தத்தின்மேல் அச்சத்தைக் கூட்டும் என்கிறார்கள்.) ஈரலும் சிறுநீரகமும் எப்படி என்று பார்க்க ரத்தம் எடுத்தார். கடைசியாக, உண்ணிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அமிட்ராஸ் கரைத்துக் குளிப்பாட்டுகிறோம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுகிற மருந்துகளோடு அது சேரக்கூடாதாம். ட்ரசோடோன், ஃப்ளுவாக்ஸடீன், குளோமிப்ரமீன், வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால் எல்லாம் அந்த வகை. இவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பதும் மருத்துவர் கணக்கில்தான் நடக்கவேண்டும். எல்லை மீறினால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். என் வீட்டுக் குளியல் வாளிக்கும் நாயின் மூளைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்பு இருந்தது, அன்பினால் இது தெரிந்திருக்காது. எங்கள் வட்டத்தில் அன்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம். அவர்கள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் படிக்கலாம்.

முதலில் அவர் எழுதிக்கொடுத்தது அல்பிரசோலம். மருந்துக்கடையில் ஒரு சின்ன நாடகம். அது எச்-1 அட்டவணையைச் சேர்ந்தது. 2014 மார்ச் முதல் இத்தகைய மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதியும் வைக்கவேண்டும். கடைக்காரர் பதிவேட்டைப் பிரித்து, ‘பேஷண்ட் பேரு சொல்லுங்க சார்’ என்றார். செவலை என்றேன். தலை நிமிர்ந்தது. நாய் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நாயின் பெயரைச் சொல்லி மாத்திரை வாங்கித் தானே விழுங்குகிறவர்களைக் கண்ட அனுபவம் தெரிந்தது. சந்தேகப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. 1996இல் என்னை யாராவது இப்படி, இது யாருக்கு சார் என்று கேட்டிருந்தால்?

தீபாவளிக்கு வெகு முன்பே, சத்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். கொடுத்தோம். செவலை அடங்குவதற்குப் பதிலாக அலைந்தது. தள்ளாடிக்கொண்டே அடுக்களைக்குள் போய் மேடையில் முன்னங்காலை வைத்து இட்லித் தட்டைக் கவிழ்த்தது. தடுத்த என்னைப் பார்த்து உறுமியது. அதுவரை அது உறுமியதில்லை. இந்த வகை மருந்து சில நாய்களிடம் நேர்மாறாக வேலை செய்யும்; பயத்தினால் கட்டுண்டிருந்த கோபமும் சில சமயம் அவிழ்ந்துவிடும். தீபாவளி இரவில், வீட்டில் குழந்தைகள் நிறைந்திருக்கும்போது இது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கக்கூட விருப்பமில்லை. தொலைபேசியில் சொன்னதும், ‘அது வேண்டாம். நல்லவேளை முன்னாலேயே பார்த்தீர்கள்’ என்றார்.

அல்பிரசோலத்தைப் பற்றி இன்னொன்று. அச்சத்தைக் குறைப்பதோடு, அந்த வேளையின் ஞாபகத்தையும் அது மங்கச்செய்யும் என்கிறார்கள். வெடித்துக்கொண்டிருக்கும்போதே கொடுத்தாலும் கொஞ்சம் பயனுண்டு, அடுத்த வருஷத்துக்குச் சுமந்து போகாது என்று ஒரு கருத்து. இதை நான் பல நாட்கள் யோசித்தேன். அனுபவித்து, பிறகு ஞாபகத்திலிருந்து துடைக்கப்பட்ட அச்சம் அனுபவிக்கப்படாததாக ஆகிவிடுமா? அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் நாய்க்கு அந்த ஒரு மணி நேரம்தான் உலகம். நாளைக்கு மறந்துபோகும் என்ற ஆறுதல், நாளை என்பதை வைத்திருக்கிற என் மாதிரி ஜந்துக்களுக்குரியது. ஆனாலும், மறப்பது அடுத்த வருஷத்து நாய்க்குச் செய்யும் உபகாரம் என்பதையும் மறுக்கமுடியவில்லை. லெனின்கிராடு நாய்களுக்குக் கதவிடுக்குத் தண்ணீர் மறந்துபோயிருந்தால் நல்லதுதானே. இரண்டுக்கும் நடுவில் தீர்ப்பு சொல்ல எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் இப்படியெல்லாம் யோசிப்பதில்லை. சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், இந்தப் பிரச்னையே வராது என்றார்.

பிறகு ட்ரசோடோனுக்கு மாறினோம். அதற்கு முன் அமிட்ராஸை நிறுத்தி, உண்ணிக்கு வேறு வழி பார்க்கச் சொன்னார். அதையும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்து, அளவை ஒரு தடவை மாற்றி, கடைசியில் ஒரு கணக்கு அமைந்தது. அந்தக் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. அது செவலைக்கு மட்டும் பொருந்துவது. கேட்கிறவர்கள் நிறைய, அடுத்த வீட்டுக்காரர் தன் தூக்க மாத்திரையில் கால்வாசியைத் தன் நாய்க்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தில் சில சமயம் இனிப்புக்காக ஸைலிட்டால் சேர்த்திருக்கிறது, அது நாய்க்கு விஷம் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல. ஆனால் கொடுக்காமல் விட்டுவிட்டார்.

தினந்தோறும் வாரக்கணக்கில் கொடுத்தபின் மெல்ல வேலை செய்யத் தொடங்கும் மருந்துகளும் உண்டு. நாயின் பிரிவுத் துயருக்கென்றே குளோமிப்ரமீன் 1998இலும் ஃப்ளுவாக்ஸடீன் 2007இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஃப்ளுவாக்ஸடீனுக்கான அனுமதியிலேயே, நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்றிருக்கிறது. மாத்திரை ஒரு அவகாசம்தான். அந்த அவகாசத்தில் நாயோடு உட்கார ஒருவர் வேண்டும். மணியின் காலத்தில் என் மகள் கட்டிலுக்கடியில் நுழைந்து அதைக் கட்டிக்கொள்ளப் போனபோது, தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் பழகிவிடும் என்று எங்கோ படித்ததை வைத்து அவளை இழுத்து வெளியே விட்டேன். அதுவும் தப்பாம். அச்சம் தடவலினால் வளர்வதில்லை என்கிறார் இந்த மருத்துவர். மாத்திரையின் தப்பை மன்னித்துக்கொண்டுவிட்டேன், இதை முடியவில்லை.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மருத்துவரைக் கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில், தூங்கினால் சரி என்பது. அவர் சொன்னது: தூங்கவேண்டியதில்லை, தானாக எழுந்து ஏதாவது செய்கிறதா பாருங்கள். தண்ணீர் குடிக்கிறதா, இடம் மாற்றிப் படுக்கிறதா, பேர் சொன்னால் வால் அசைகிறதா, நீட்டியதைத் தின்கிறதா. தத்துவப் புத்தகங்களில் எனக்குக் கிடைக்காத அளவுகோல் இது. பேச முடியாத ஜீவனின் சாட்சியம் அதன் அசைவின்மையில் இல்லை, அதன் சின்னச்சின்னத் தேர்வுகளில் இருக்கிறது. மணி அன்றிரவு எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. கட்டிலுக்கடியைக்கூட மருந்து தலைக்கேறுவதற்கு முன்தான் தேர்ந்துகொண்டது.

எங்களூரிலிருந்து திருப்பத்தூர்ப் பக்கம் போனால் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியது. கண்மாய்க்கு வந்து கூடுகட்டும் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வழக்கம் அதற்கும் முந்தையது. போன வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பஸ் ஏறிப் போனேன். என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று தெரியவில்லை. கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் உட்கார்ந்திருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆசையிருக்காதா அய்யா என்று கேட்டதற்கு, ‘இருக்கும்யா. அதுக்காக வந்த பிள்ளைகள விரட்டுறதா’ என்றார். வந்த பிள்ளைகள் என்றது நாரைகளை. அவருடன் அரைமணி நேரம் இருந்தேன். ட்ரசோடோனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தை நான் முழுக்க நம்பவும் இல்லை. அந்த ஊர் தன் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. நான் என் நாயின் காதுக்கும் மனத்துக்கும் நடுவில் ஒரு மாத்திரையை வைத்தேன். எது சரியானது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒரே மனசு இருந்தது. என் தெருவுக்கு நூறு வீடு. 2018இல் உச்சநீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரிடமும் கடிகாரம் இருந்ததாகத் தெரியவில்லை. சிவகாசியில் இதை நம்பிப் பிழைப்பவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவிடம் போய்ப் பேசலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். பேசினேன். ‘உங்க நாய்க்காக ஊர் தீபாவளிய நிறுத்துமா சார்?’ என்று கேட்டவர், அதே நாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிறவர். தெருவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகமுடியாது. நாயைத்தான் முடியும். இந்த வாதம் எவ்வளவு ஆபத்தானது என்றும் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் ஏறக்குறைய இதே வாதத்தினால்தான்.

போன தீபாவளி இரவு. மாத்திரையை நேரத்தோடு கொடுத்தாயிற்று. ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை உச்சத்தில் வைத்து, உள்ளறையில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் இப்போது பெரியவள். அவளும் தரையில் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழரைக்கு மேல் எதிர்வீட்டில் ஆயிரம் வாலா ஒன்றைக் கொளுத்தினார்கள். செவலை தலையைத் தூக்கியது, உதட்டை நக்கியது, மூச்சு வேகமானது. அச்சம் இருக்கத்தான் செய்தது. சரம் தீர்ந்தபிறகு எழுந்தது. கால் கொஞ்சம் தள்ளாடியது. அறையின் மூலைக்குப் போய்த் தண்ணீரை நக்கிக் குடித்தது. பிறகு நாங்கள் விரித்து வைத்திருந்த போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டு, அதில் படுக்காமல், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பின்பக்கமாக நுழைந்து, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. ‘அங்க இடமே இல்லையேடா’ என்று மகள் கையை நீட்டினாள். வரவில்லை. வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது.